கொண்டை ஊசி வளைவில் மிக்சி ஏன் விழுகிறது? உணவு வண்டி அலமாரிக் கோளாறுகளும் நீக்கும் வழிகளும்

மேட்டுப்பாளையத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு, கல்லாறு தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிக் குன்னூர் வந்து சேரும் உணவு வண்டியின் பின்கதவைத் திறந்து பாருங்கள். அலமாரி எப்படி அடிக்கப்பட்டது என்று அப்போதுதான் தெரியும். மிக்சி தரையில் கிடக்கும். டிராயர் பாதி வெளியே வந்திருக்கும். வர்க்கி டப்பா எங்கேயோ உருண்டிருக்கும். பெரும்பாலும் இது தச்சர் கைவேலையின் குறை கிடையாது. வீட்டுச் சமையலறைக்கு அடிப்பதைப் போலவே வண்டிக்கும் அடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். வீடு நகராது, வண்டி நகரும்.

ஓடும் சமையலறைக்கு அலமாரி அடிப்பதில் நல்ல பழக்கம் உள்ளவர்கள் பாய்மரப் படகு கட்டுகிறவர்கள். காற்றைப் பிடித்து ஓடும் படகு ஒரே பக்கமாக 15, 20 டிகிரி சாய்ந்தபடி மணிக்கணக்கில் போகும். அதற்குள் அடுப்பு, குளிர்பெட்டி, பாத்திரம், காஸ் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். நம் வண்டிக்கும் கணக்கு ஏறக்குறைய அதேதான். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால், உள்ளே இருக்கும் சாமானைப் பொறுத்தவரை வண்டி சுமார் 15 டிகிரி சாய்ந்ததற்குச் சமம். எதிரே பஸ் வந்து சட்டென்று பிரேக் போட்டால் 30 டிகிரி முன்னால் சாய்த்ததற்குச் சமம். அதனால் படகில் செய்வதில் நமக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளலாம். ஒத்துவராததும் உண்டு, அதையும் அங்கங்கே சொல்கிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒன்று செய்யுங்கள். விழுந்த சாமானை எடுத்து வைக்கும் முன்பு அது எந்தத் திசையில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். டிரைவர் சீட் இருக்கும் முன்பக்கமாகக் கிடந்தால் பிரேக் தள்ளியது. வண்டிக்குள் நடக்க விட்டிருக்கும் நடைபாதைக்குக் குறுக்காகக் கிடந்தால் வளைவு தள்ளியது. பின்கதவை ஒட்டிக் கிடந்தால் ஏற்றம். விழாமலே தன் இடத்தில் கவிழ்ந்திருந்தால் பள்ளம், வேகத்தடை. இதைப் பார்க்காமல் பெரிய தாழ்ப்பாளாக வாங்கி மாட்டினால் அடுத்த முறை கதவோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

வளைவில் கதவு தானாகத் திறக்கிறது

முதலில் கதவு எதனால் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். காந்தம் என்றால் காரணம் தேட வேண்டியதே இல்லை. சாதாரணக் காந்தப் பிடிப்பு சில கிலோ இழுப்பைத்தான் தாங்கும். உள்ளே 12 கிலோ சாமான் கதவில் சாய்ந்தால் வளைவிலேயே மூன்று கிலோ தள்ளு வந்துவிடும். அதோடு ஒரு குழியும் சேர்ந்தால் திறந்துகொள்ளும். வீட்டில் அழகாக இருக்கும் சாஃப்ட் குளோஸ் கீலும் இதே கதைதான். மூடிக்கொள்ள உதவும், பிடித்துவைக்காது.

தேவை, கையால் விடுவித்தால் மட்டுமே திறக்கும் தாழ். கேரவன்களில் போடும் புஷ் பட்டன் லாக் நல்லது. கதவை மூடிப் பட்டனை அழுத்தினால் நாக்கு உள்ளே விழுந்துவிடும், பட்டனும் உள்ளே அமுங்கி இருக்கும், நடப்பவர் துணி மாட்டாது. அது கிடைக்கவில்லை என்றால் சாதாரண டவர் போல்ட் போதும். ஆனால் போல்ட்டை நிமிர்த்தி மாட்டும்போது கீழ்நோக்கி விழுகிறபடி மாட்டுங்கள். மேல்நோக்கிப் பூட்டுகிறபடி மாட்டினால் அதிர்ச்சியில் தானாக இறங்கிவிடும். உயரமான கதவு என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் ஒரே ஒரு தாழ் போட்டால் பிளைவுட் கதவின் மேல் முனை வளைந்து கொடுத்து, அந்த இடைவெளியிலேயே தட்டு வழுக்கி வெளியே வரும்.

தாழ் சரியாக இருந்தும் திறக்கிறது என்றால் கதவைத் தள்ளுவது எது என்று பார்க்க வேண்டும். சாமான் கதவில் சாயவே கூடாது. படகில் ஒவ்வொரு தட்டின் முன் ஓரத்திலும் ஒரு தடுப்பு விளிம்பு நிற்கும். நாமும் தட்டின் முன் ஓரத்தில் 40 முதல் 50 மி.மீ. உயரத்துக்கு ஒரு ரீப்பரை, அதாவது ஒடுக்கமான மரச் சட்டத்தை ஒட்டி, ஸ்க்ரூவும் போட்டுவிட வேண்டும். உயரமான டப்பாவுக்கு அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது விளிம்பு இருக்கட்டும். விளிம்பின் இரு மூலைகளிலும் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டால் சிந்திய மாவைத் துடைத்து எடுக்கலாம். விளிம்பு இருந்தால் கதவுக்கு வரும் பாரம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

அப்புறம் அலமாரி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பது. நம் ஊரில் இடப்பக்க ஓட்டம் என்பதால் விற்பனை ஜன்னல் இடப்பக்கம் வரும், சாமான் அலமாரி வலப்பக்கச் சுவரில் வரும். அந்த அலமாரியின் கதவு இடப்பக்கம் பார்த்துத் திறக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும்போது சாமான் இடப்பக்கம் தள்ளப்படும், அதாவது நேராகக் கதவின் மேல். ஆகவே வலச்சுவரில் கனமானதை வைக்காதீர்கள். மிக்சி, மைக்ரோவேவ் மாதிரிக் கனமான சாமானுக்கு நல்ல இடம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சுவர். அங்கே அலமாரி பின்பக்கம் பார்த்துத் திறக்கும். பிரேக் போட்டால் சாமான் அலமாரியின் முதுகில்தான் முட்டும், கதவில் முட்டாது. பின்கதவை ஒட்டி, முன்பக்கம் பார்த்துத் திறக்கும் அலமாரி இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு பிரேக்குக்கும் சாமானை நடைபாதையில் வீசும். அங்கே பேப்பர் தட்டு, டிஷ்யூ, துணி மட்டும் இருக்கட்டும்.

ஸ்லைடிங் கதவு போட்டவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பக்கச் சுவரில் ஸ்லைடிங் கதவு முன்னும் பின்னுமாக ஓடும். பிரேக் போட்டால் அது தானாக முன்னால் ஓடித் திறக்கும். இரண்டு பலகையும் ஒன்றன்மேல் ஒன்று படும் இடத்தில் ஒரு துளை போட்டு, ஆணி மாதிரி ஒரு பின் சொருகி, அதைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் பின் இரண்டே நாளில் காணாமல் போகும்.

மேலே தூக்கித் திறக்கும் கதவில் காஸ் ஸ்டே, அதாவது கதவைத் தாங்கும் வாயு அடைத்த தண்டு வைத்திருந்தால், டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை அது கதவைத் தாங்காமல் தலையில் இறக்கும். ஸ்டே கெட்டுப்போய்விட்டது என்று உடனே மாற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் குளிரில் குறையும், வெயில் ஏறினால் சரியாகிவிடும். உறைபனிக் காலத்துக்கு ஒரு சின்ன மரக்குச்சி முட்டு வைத்துக்கொண்டால் போதும்.

டிராயர் வெளியே ஓடிவருகிறது

டிராயரின் இரு பக்கமும் மாட்டும் டெலஸ்கோப்பிக் சேனல் என்ற உலோகத் தண்டவாளம் வழவழவென்று ஓடுவதற்காகவே செய்தது. 15 டிகிரி சாய்வில் அது ஓடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பூட்டு உள்ள ஹெவி டியூட்டி சேனல் கிடைக்கிறது. நெம்புகோலை அழுத்தினால்தான் திறக்கும், முழுக்க வெளியே வந்த நிலையிலும் பூட்டிக்கொள்ளும். விலை அதிகம், ஆனால் கத்தி, கரண்டி வைக்கும் டிராயருக்கு அதுதான் சரி.

செலவில்லாத வழி படகுக்காரர்களின் பழைய வழி. சேனலே இல்லாமல் டிராயரை மரச் சட்டத்தின்மேல் ஓடவிடுவார்கள். டிராயரின் இரண்டு பக்கப் பலகைகளிலும் முன்பக்கம் கீழ் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். டிராயரை உள்ளே தள்ளினால் அந்த வெட்டு முன் சட்டத்தின்மேல் ‘டொக்’ என்று இறங்கி உட்காரும். திறக்க வேண்டும் என்றால் கொஞ்சம் தூக்கித்தான் இழுக்க வேண்டும். படகில் வெட்டின் ஆழம் 10 மி.மீ. இருந்தால் போதும். நம் சாலையில் குழி அதிகம், லேசான டிராயர் துள்ளும். 15 மி.மீ. வையுங்கள். டிராயருக்கு மேலேயும் அவ்வளவு இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கவே முடியாது. எடை கூடினால் தூக்குவது கஷ்டம், ஆகவே இந்த வகை டிராயரில் ஐந்தாறு கிலோவுக்கு மேல் போடாதீர்கள்.

விழவில்லை, ஆனால் உள்ளேயே அடிபட்டு உடைகிறது

கதவு பூட்டியபடி இருக்கும், திறந்து பார்த்தால் மிக்சி ஜாரின் கைப்பிடி உடைந்திருக்கும். மைக்ரோவேவின் கண்ணாடித் தட்டில் விரிசல் விழுந்திருக்கும். அலமாரி சாமானைவிடப் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். படகில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உடம்பை அளந்து குழி செய்வார்கள். இந்த இடத்தில் சோம்பல் படாதீர்கள், அலமாரி வேலையில் பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது.

மிக்சியின் அடிப்பாகத்தை அட்டையில் வைத்து வரைந்து, கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. கூட்டி, 18 மி.மீ. பிளைவுட்டில் வெட்டுங்கள். அந்த மாதிரி இரண்டு அடுக்கை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் 36 மி.மீ. ஆழமான குழி கிடைக்கும். உள்விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டிவிடுங்கள். மிக்சி அதில் இறங்கி உட்காரும், பக்கவாட்டில் அசையாது. மேலே எழும்பாமல் இருக்க ஒரு அங்குல அகல நைலான் பெல்ட்டும் பக்கிளும் போதும். குழியின் தரையை முழுக்க அடைக்காதீர்கள். மிக்சியின் அடியில் காற்றுத் துவாரம் இருக்கிறது, அங்கேயே வைத்து ஓட்டுகிறவர்கள் அதன் கீழே ஒரு பெரிய துளை விட வேண்டும்.

ஜாரை மிக்சியின் மேலேயே மாட்டியபடி கொண்டுபோகிறார்கள். இது வேண்டாம். வளைவுக்கு வளைவு ஜார் அசைந்து, பிளேடைச் சுழற்றும் கப்ளரின் பல்லைத் தின்றுவிடும். அதனால் பிறகு மிக்சி ஓடும், பிளேடு ஓடாது. ஜாருக்குத் தனிக் குழி வேண்டும்.

டேபிள் டாப் வெட் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் கல்லை எடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். கல் உள்ளே குதித்தால் பாத்திரத்தின் அடியும் நடுத்தண்டும் கெடும். கல்லைத் துணியில் சுற்றித் தரைமட்டத்துப் பெட்டியில் வையுங்கள். மைக்ரோவேவின் கண்ணாடித் தட்டை வெளியே எடுத்து, ஃபெல்ட் ஒட்டிய ஒடுக்கமான பிளவில் நிற்கவையுங்கள். வண்டி சாலைக் குழியில் இறங்கும்போது படுக்கவைத்த கண்ணாடி நடுவில் விரியும், நிற்கவைத்தது தாங்கும்.

இதற்கு நடுவே ஒரு வார்த்தை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பருப்பும் சுண்டலும் திறந்த பாத்திரத்தில் வேகாமல் அடம்பிடிக்கும். ஆகவே குக்கர் இல்லாமல் வேலை ஆகாது. இடம் இல்லை என்று குக்கரை நடைபாதையில் உருட்டிவிடுகிறார்கள். மிக்சிக்கு முன்பு குக்கருக்கு இடம் ஒதுக்குங்கள், தரையை ஒட்டி, மூடி தனியாக, வெயிட் தனியாக.

ஸ்க்ரூ கழன்று அலமாரியே ஆடுகிறது

பிளைவுட்டின் வெட்டு ஓரத்தில் ஸ்க்ரூ போட்டிருந்தால் அது அடுக்குகளைப் பிளந்துகொண்டு போயிருக்கும். அதே துளையில் இன்னும் பெரிய ஸ்க்ரூ போட்டால் ஒரு மாதம் தாங்கும். நிரந்தரத் தீர்வு, மூலையில் உள்பக்கம் 25 மி.மீ. மரச் சட்டம் வைத்து ஒட்டி, இரண்டு பலகையையும் அந்தச் சட்டத்தில் முடுக்குவது. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் என்றால் அங்கே முயற்சியே வேண்டாம், மாற்றிவிடுங்கள். மலைப் பனியில் அது ஊறி உப்பிய பிறகு எந்த ஸ்க்ரூவும் பிடிக்காது.

அலமாரியை வண்டியின் உடம்போடு பிணைக்கும் இடத்தில் ஸ்க்ரூ கூடவே கூடாது. வெறும் தகட்டில் போட்ட ஸ்க்ரூ அதிர்ந்து அதிர்ந்து துளையைப் பெரிதாக்கும். வண்டியின் குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, அதில் 8 மி.மீ. போல்ட், பெரிய வாஷர், நைலாக் நட்டு போடுங்கள். சாதாரண நட்டு அதிர்வில் கழலும். நைலாக் நட்டின் வாயில் உள்ள நைலான் வளையம் மரையைக் கவ்விக்கொள்ளும். படகுக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் தேடுவார்கள், அது கடல் உப்புக்காக. நம் மலையில் உப்புக் காற்று இல்லை, 304 போதும்.

மிக்சி போட்டதும் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடுகிறது

“பேட்டரி புதுசுண்ணா, நேத்துதான் மாத்தினேன், அப்பவும் நிக்குது” என்று கோத்தகிரிப் பக்கம் டீ வண்டி ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டார். இதில் பேட்டரி பெரும்பாலும் குற்றவாளி இல்லை. ஒயரைப் பாருங்கள்.

750 வாட் மிக்சி 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியர்தான் இழுக்கும். அதே சக்தியை 12 வோல்ட் பேட்டரியில் இருந்து எடுக்க வேண்டும் என்றால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 70 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பேட்டரி வண்டியின் முன்பக்கம், இன்வெர்ட்டர் அலமாரிக்குள் மூன்று மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். போக வர ஆறு மீட்டர் ஒயர். அது 4 சதுர மி.மீ. ஒயராக இருந்தால் 70 ஆம்பியரில் ஒயரிலேயே 1.8 வோல்ட் தொலைந்துபோகும். பேட்டரியில் 12.4 இருந்தாலும் இன்வெர்ட்டர் வாயில் 10.6தான் நிற்கும். பல இன்வெர்ட்டர்கள் 10.5 அருகே நின்றுவிடும்படி செய்தவை. மோட்டார் கிளம்பும் முதல் நொடியில் இழுப்பு இன்னும் அதிகம், ஆகவே நிற்கிறது. அதே தூரத்துக்கு 25 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை முதலில் பேட்டரி முனையில் வைத்து மிக்சியைப் போடுங்கள். பிறகு இன்வெர்ட்டர் முனையில் வைத்துப் போடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குற்றவாளி ஒயர் அல்லது அதன் முனையில் உள்ள லக் இணைப்பு. பேட்டரி முனையிலேயே 11க்குக் கீழே சரிந்தால் பேட்டரி. ஒயரை மாற்றுவதைவிட இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் கொண்டுபோவது இன்னும் நல்லது. 230 வோல்ட் ஒயர் வண்டியின் முழு நீளத்துக்கு ஓடினாலும் இந்தத் தொல்லை இல்லை. எது செய்தாலும் பேட்டரியின் பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் போடுங்கள். அது இல்லாத 25 சதுர மி.மீ. ஒயர் எங்கேயாவது உரசினால் வண்டி எரியும்.

உறைபனிக் காலத்தில் மட்டும் நிற்கிறது என்றால், லெட் ஆசிட் பேட்டரி பூஜ்ய டிகிரி அருகே தன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பதை நினைவில் வையுங்கள். லித்தியம் பேட்டரி போட்டவர்களுக்கு வேறு எச்சரிக்கை. பூஜ்யத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். விடியலில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் ஏறத் தொடங்கும் இணைப்பு இருந்தால், குளிரில் துண்டிக்கும் பாதுகாப்பு அதில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். 12 வோல்ட்டில் அதற்கு 160 ஆம்பியருக்கு மேல் தேவை. கரண்ட் இணைப்பு கிடைக்கும் இடத்தில் மட்டும் அதை எடுங்கள், மற்ற நேரத்தில் நிமிர்ந்த பிளவில் சொருகி வையுங்கள்.

ஃப்ரிட்ஜ் சுடுகிறது, அல்லது குளிரில் வேலை செய்யவில்லை

அலமாரிக்குள் கச்சிதமாக அடைத்த ஃப்ரிட்ஜ் ஓயாமல் ஓடும், பக்கம் சுடும், பேட்டரியைக் குடிக்கும். சூட்டை வெளியேற்றும் குழாய் இப்போதெல்லாம் பக்கத் தகட்டுக்குள் ஓடுகிறது. சுற்றிலும் நான்கு விரல் இடம், கீழே காற்று நுழைய ஒரு ஜாலி, மேலே வெளியேற ஒரு ஜாலி. கீழே நுழைந்தது மேலே போக வேண்டும், இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் பயனில்லை.

குளிர்காலத்துக் கோளாறு எதிர்மாறானது. ஃப்ரீசரில் வைத்தது இளகிவிடும், கீழ்ப்பெட்டி மட்டும் ஜில்லென்று இருக்கும். ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தகட்டில் கிளைமேட் கிளாஸ் என்று ஒரு எழுத்து இருக்கும். ‘டி’ (T) என்றால் 16 முதல் 43 டிகிரி வரையிலான அறைக்குச் செய்தது. ஊட்டியில் வருடத்தில் பல இரவு அதற்கு வெகு கீழே போகும். கீழ்ப்பெட்டி தானாகவே குளிர்ந்து இருப்பதால் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை எழுப்பாது, ஃப்ரீசர் கைவிடப்படும். இதில் பழுது எதுவும் இல்லை. வாங்கும்போதே படகு, கேரவனுக்குச் செய்த, பேட்டரியில் நேராக ஓடும், மேலே திறக்கும் டிசி பெட்டி வாங்கினால் நல்லது. மேலே திறப்பதால் குளிர் கொட்டிப்போகாது, வளைவில் கதவு திறக்கும் பேச்சும் இல்லை. அந்த வகைக் கம்ப்ரசர் 30 டிகிரி வரை சாய்ந்தாலும் ஓடும்படி செய்யப்படுகிறது.

பூஞ்சணம், துரு, கதவு இறுகிப்போதல்

மழை ஒழுகுகிறது என்று கூரையில் சீலன்ட் பூசிப் பூசி அலுத்தவர்கள் இதைப் படியுங்கள். பல வண்டிகளில் ஒழுகல் கிடையாது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் அதில் இருந்து மட்டுமே சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். டீ கொதிக்கும் ஆவி அதற்கு மேல். இந்த ஈரக்காற்று அலமாரியின் முதுகுக்குப் பின்னால் போய், பனியில் குளிர்ந்த வெளித் தகட்டில் பட்டதும் நீராகும். காலையில் மிக்சியின் முதுகு ஈரமாக இருப்பது இதனால்தான். கூரையா, ஆவியா என்று கண்டுபிடிக்க, மழை இல்லாத குளிர் இரவில் அலமாரியின் பின்பலகையில் டிஷ்யூ ஒட்டிவிட்டு விடியலில் பாருங்கள். நனைந்திருந்தால் ஆவி.

தகட்டின் உள்பக்கம் முழுக்க, ஈரம் புகாதபடி உள்ளே மூடிய காற்றுக் குமிழ்கள் உள்ள நைட்ரில் ரப்பர் ஷீட் ஒட்டுங்கள், ஒரு விரல் இடம்கூட விடாமல். துணி, பஞ்சு மாதிரி ஈரம் குடிக்கும் எதுவும் வேண்டாம். அலமாரியின் முதுகுக்கும் தகட்டுக்கும் நடுவில் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். தட்டின் பின் ஓரத்திலும் கதவின் கீழும் மேலும் துளை போடுங்கள். பழைய படகுகளில் அலமாரிக் கதவின் நடுவில் பிரம்புப் பின்னலோ மரச் சீப்போ வைத்திருப்பார்கள், காற்றுக்காகத்தான். நாமும் அதையே செய்யலாம், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். அடுப்பு எரியும்போது கூரைக் காற்றுப்போக்கி திறந்திருக்க வேண்டும், குளிர்கிறது என்று மூடுவதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

கதவு மழைக்காலத்தில் மட்டும் இறுகுகிறது என்றால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலம், கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு. உங்கள் வண்டி நிற்கும் ஊரைப் பொறுத்து இறுகும் மாதம் மாறும். இழைத்துவிட்டால் பிப்ரவரி வறட்சியில் கதவு கடகடவென்று ஆடும். ஒற்றைப் பலகைக் கதவு 30 செ.மீ. அகலத்துக்குச் சில மி.மீ. வீங்கும், பிளைவுட் அவ்வளவு வீங்காது. கடையில் 710 பிளை என்று கேளுங்கள். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 710. ஒட்டு விடாமல் 72 மணி நேரம் கொதிநீரில் தாங்குகிறதா என்று சோதிக்கும் தரம் அது. வெட்டிய ஓரத்தைத் திறந்து விட்டால் 710கூட ஊறும், எல்லா ஓரத்திலும், ஸ்க்ரூ துளைக்குள்ளும் எபாக்சியோ வார்னிஷோ இரண்டு கை பூசுங்கள். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் ரீப்பர் மலிவாகக் கிடைக்கும், தட்டு விளிம்புக்குப் போடலாம். தரையில் பதியும் சட்டத்துக்குப் போடாதீர்கள், ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும்.

மேலே ஏறியதும் டப்பா மூடி தெறிக்கிறது

அலமாரியின் தவறு இதில் எதுவும் இல்லை. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கீழே இறுக மூடிய டப்பாவின் 10 செ.மீ. சதுர மூடியை மேலே உள்ளிருக்கும் காற்று 20 கிலோ அளவுக்குத் தள்ளும். இட்லி மாவு என்றால் புளிப்பு வாயுவும் சேரும். பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு முறையும் குன்னூரில் ஒரு முறையும் மூடியைத் தளர்த்தி மூடுங்கள். மாவு டப்பாவில் முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். மலையில் மூடிய டப்பா கீழே வந்ததும் திறக்காமல் அடம்பிடிப்பதும் இதனால்தான், ஓரத்தில் கரண்டிக் காம்பால் நெம்பிக் காற்று விட்டால் திறந்துவிடும்.

காஸ் வாடை வருகிறது

இதில் படிப்படியாகக் காரணம் தேடும் வேலை பிறகு. முதலில் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், எல்லாக் கதவையும் திறங்கள், ஆட்களை இறக்குங்கள். அவசர உதவிக்கு 1906.

வாடை நின்றபின், சோப்பு நுரையை ரெகுலேட்டர், குழாய், இணைப்பு எல்லாவற்றிலும் தடவிப் பாருங்கள், குமிழ் வரும் இடம்தான் ஓட்டை. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். பலகையைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குழாய் உரசித் தேய்ந்திருக்கும், அங்கே ரப்பர் வளையம் போடுங்கள். குழாயில் அச்சிட்ட தேதியையும் பாருங்கள்.

அலமாரி கட்டும்போதே இதற்கு வழி செய்ய வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். படகில் கசிந்தால் அடிப்பள்ளத்தில் தேங்கிக் காத்திருக்கும் என்பதால் அவர்கள் சிலிண்டரை அறையில் இருந்து முழுக்கப் பிரித்த பெட்டியில் வைத்து, பெட்டியின் அடியில் இருந்து வெளியே கடலுக்கு ஒரு குழாய் விடுவார்கள். நம் வண்டியிலும் சிலிண்டர் பெட்டி வெளிப்பக்கம் மட்டுமே திறக்க வேண்டும், உள்பக்கம் காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும், அடித்தகட்டில் இரண்டு அங்குலத் துளையாவது சாலையைப் பார்த்து இருக்க வேண்டும். பேட்டரிப் பெட்டிக்கு இது தலைகீழ். சார்ஜ் ஆகும் லெட் ஆசிட் பேட்டரி விடும் ஹைட்ரஜன் லேசானது, அதற்குத் துளை மேலே வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்த வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

உறைபனிக் காலையில் அடுப்பு மங்கலாக எரிந்தால் அது கசிவு கிடையாது. எல்பிஜியில் இருக்கும் பியூட்டேன் பூஜ்யத்துக்கு அருகில் ஆவியாகாது. சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றுவதும், அருகில் அடுப்பு வைப்பதும் ஆபத்து. அந்த மாதங்களில் பாதிக்கு மேல் உள்ள சிலிண்டராகப் பார்த்து மாட்டிக்கொண்டு வெயிலுக்குக் காத்திருங்கள்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, வளைவில் தள்ளாடுகிறது

சமதரையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேல் மட்கார்டு வரை டேப் வைத்து அளங்கள். வித்தியாசம் தெரிந்தால் எல்லாச் சாமானையும் தரையில் இறக்கி, மறுபடி ஏற்றுவதுதான் வழி. தண்ணீர் டேங்க், பேட்டரி, சிலிண்டர், கிரைண்டர் நான்கும்தான் கனம். இவை நான்கும் ஒரே பக்கத்தில் இருக்கக் கூடாது, தோளுக்கு மேல் உயரத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது, பின் அச்சுக்குப் பின்னால் போகாமல் இருந்தால் நல்லது. 100 லிட்டர் டேங்க் என்றால் 100 கிலோ. பாதி நிரம்பிய டேங்கில் தண்ணீர் வளைவுக்கு வளைவு ஓடும், நடுவில் தடுப்புத் தகடு இல்லாத டேங்கை நிரப்பியோ காலியாகவோதான் மலையில் ஓட்ட வேண்டும். ஊட்டியில் இருந்து கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளில் இறங்குபவர்கள் மசினகுடி போய் நிரப்பிக்கொள்ளலாம்.